மாமன் குறித்த வியாழக்கிழமை

வாட்டர் கலர் ஓவியத்துக்கு வெளிச்சம் ஆகாது. ஐம்பதை எட்டிப்பார்க்கும் வயதில்தான் இதைத் தெரிந்துகொண்டேன். எண்ணெய் வண்ணப் படம் சுவரில் தொங்கித் தொங்கிக் கறுக்கும். நீர்வண்ணப் படம் தொங்கினால் வெளுக்கும். பூவின் சிவப்பு முதலில் போகும், மற்றவை ஒவ்வொன்றாகப் பின்னால் போகும். அதனால் காட்சிக்கூடங்களில் அவற்றைத் தட்டையான இழுப்பறைகளில், தாளுக்கும் தாளுக்கும் நடுவே, இருட்டில் படுக்க வைத்திருக்கிறார்கள். பார்க்க விரும்புகிறவர் முன்னமே எழுதிக் கேட்க வேண்டும். அவர்கள் ஒரு நாள் குறித்துத் தருவார்கள். அது வேலை நாளாகத்தான் இருக்கும், வேலை நேரமாகத்தான் இருக்கும்.

வேலை நாள், வேலை நேரம். கனடாவிலிருந்து வந்த மின்னஞ்சலில் இந்த இரண்டையும் வாசித்தேன். அர்த்தம் புரிந்தது. அவற்றுக்குள் என் அக்கா மகனின் பிழைப்பு இருக்கிறது என்பது மட்டும் எனக்குத் தட்டுப்படவில்லை.

படத்தை வரைந்தவர் பத்தொன்பதாம் நூற்றாண்டில் இங்கிலாந்திலிருந்து பெண்டாட்டி பிள்ளைகளோடு கப்பலேறி, கனடாவில் ஒரு பெரிய ஏரிக்குள் இருந்த தீவில் நிலம் வாங்கிக் குடியேறியவர். எங்கள் வீட்டில் அவருக்குச் சாயிப்பு என்று பெயர். வெள்ளைக்காரர் யாரானாலும் எங்கள் பக்கத்தில் சாயிப்புதான். பிறந்த ஊரில் ஓவியம் பயின்ற மனிதர் தீவுக்குப் போனதும் வண்ணப்பெட்டியை மூடிவிட்டு மண்ணை வெட்டினார், மாடு வளர்த்தார், வேலி கட்டினார். பத்து வருஷத்துக்கு மேல் தூரிகையைத் தொடவில்லை. பிறகு ஒருமுறை பிறந்த நாட்டுக்குப் போய்த் திரும்பியவர், நடுவயதில், பெட்டியைத் திறந்து உட்கார்ந்துவிட்டார். தோட்டத்துப் பூ, கூடையில் இருந்த பழம், சுட்டுக் கொண்டுவந்து தொங்கவிட்ட பறவை என்று கண்முன்னால் அசையாமல் இருந்ததையெல்லாம் வரைந்தார்.

எனக்கு அவரை ஏன் பிடித்தது என்று சொல்ல அதிக யோசனை வேண்டாம். நானும் பெட்டியை மூடியவன். நெய்யாற்றின்கரையில் டியூட்டோரியல் வாத்தியார், நாகர்கோவிலில் அச்சகத்தில் பிழை திருத்துகிறவன், பாறசாலையில் இன்சூரன்ஸ் ஏஜெண்ட் என்று எதிலும் கால் தரிக்கவில்லை. கல்யாணம் நடந்தது, நிற்கவில்லை. இப்போது மலையாளத்திலிருந்து தமிழுக்கு மருந்து விளம்பரங்களும் வேதபாடப் புத்தகங்களும் மொழிபெயர்த்துக்கொண்டு, எங்கள் பழைய வீட்டின் பக்கவாட்டு அறையில் இருக்கிறேன். மீதி வீட்டில் அக்காவும் அத்தானும். சாப்பாடு அக்காவின் அடுப்பில். கவிதை என்று சொல்லிக்கொள்ளும் வரிகள் வந்து பல வருஷமாயிற்று. அப்படியிருக்கையில் ஒரு சிறுபத்திரிகைக்காரர் ஏதாவது எழுதித் தாருங்கள் என்றார். போனில் எதையோ தேடும்போது சாயிப்பின் பறவைகள் கண்ணில் பட்டன. திரும்பி வர முடியும் என்று ஒரு ஆள் இன்னொரு நூற்றாண்டிலிருந்து சொல்வதுபோல இருந்தது. அதைப் பற்றி எழுதுகிறேன் என்று வாக்குக் கொடுத்துவிட்டேன்.

எழுத உட்கார்ந்தால் ஓடவில்லை. போன் திரையில் தெரிவது படமில்லை, படத்தின் விளம்பரம். தாளின் சொரசொரப்புத் தெரியாது. தண்ணீர் எங்கே தேங்கிக் காய்ந்தது என்று தெரியாது. நேரில் பார்த்த கண் ஒன்று வேண்டும் எனக்கு. அந்தக் கண் கனடாவிலேயே இருந்தது.

அக்கா மகன் மெக்கானிக்கல் டிப்ளமோ முடித்தவன். ஆரியங்கோட்டில் அத்தானுக்கு இருந்த ரப்பர் மரம் நின்ற புரையிட நிலத்தை விற்று அவனை அங்கே படிக்க அனுப்பினார்கள். படிப்பு முடிந்து, ஒரு பெரிய நகரத்தின் ஓரத்தில் கிடங்கு வேலையில் இருந்தான். பெட்டி வரும், பெட்டி போகும். அடுத்த ஈஸ்டர் வரைக்கும் அந்த வேலையில் தடையில்லாமல் நின்றுவிட்டால் அந்த நாட்டிலேயே நிரந்தரமாகத் தங்குவதற்கு, அதாவது பி.ஆருக்கு, மனுப் போடலாம். இல்லாவிட்டால் பெர்மிட் தீர்ந்து திரும்ப வேண்டியதுதான். இது வீட்டில் எல்லோருக்கும் தெரியும். சர்ச்சில் அக்கா ஜெபக்குறிப்பு கொடுக்கும்போது ஊருக்கே தெரியும். எனக்குத் தெரியாது என்று சொல்ல வழியில்லை.

எங்கள் குடும்பங்களில் தாய்மாமன் என்பது ஒரு உத்தியோகம். அவனுக்கு ஞானஸ்நானம் கொடுக்கும்போது கையில் ஏந்தி நின்றவன் நான். பள்ளிக்கூடத்தில் சேர்த்தவன் நான். திருவனந்தபுரத்தில் விமானம் ஏற்றிவிட்டவனும் நான். அப்பன் சொன்னால் பையன்கள் தர்க்கம் பண்ணுவார்கள், மாமன் சொன்னால் "செரி மாமா." அந்தச் "செரி"யை நான் ஒருபோதும் தட்டிப் பார்த்ததில்லை, உள்ளே காலியாக இருக்கிறதா என்று.

அதனால்தான் அவனிடம் கேட்காமலேயே காட்சிக்கூடத்துக்கு எழுதினேன். என் சார்பில் என் மருமகன் வருவான் என்று, என்னிடம் இருந்த நல்ல ஆங்கிலமெல்லாம் சேர்த்து எழுதினேன். அவர்கள் செவ்வாய் அல்லது வியாழன் என்றார்கள். நான் வியாழனைத் தேர்ந்தெடுத்தேன். காரணம் உண்டு, சொல்ல வெட்கமாக இருக்கிறது. வெள்ளிக்கிழமை எனக்கு மொழிபெயர்ப்பு வேலை இல்லை. அவன் சொல்வதைக் கேட்டுச் சூடு ஆறுமுன் உட்கார்ந்து எழுதிவிடலாம் என்று நினைத்தேன். அவ்வளவுதான்.

காலையில் கட்டன் சாயாவோடு சமையலறைப் படியில் இருந்துகொண்டு அவனைக் கூப்பிட்டேன்.

"மக்கா, வியாழக்கிழமை பதினோரு மணி. நான் புக் பண்ணியாச்சு."

"வியாழனா மாமா?"

"ஏன், உனக்கு வல்லதும் காரியம் உண்டா?"

ஒரு இடைவெளி வந்தது. கடலைக் கடந்து வருகிற பேச்சு, லைன் இழுக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

"ஷிப்ட் உண்டு. ஆருகிட்டயாவது மாத்திக்கிடலாம். செரி மாமா."

"போட்டோ எடுக்காண்டாம். போட்டோ எனக்கிட்ட உண்டு. நீ கண்ணாலே பாத்து வந்து சொல்லு. கேட்டியா?"

"கேட்டேன் மாமா."

உள்ளே மரச்சீனிக் கிழங்கு வெட்டிக்கொண்டிருந்த அக்கா, "அவனுக்கு அங்க ஆயிரம் ஜோலி. நீ எங்கயாக்கும் அனுப்புதா?" என்றாள். ஒரு படம் பார்க்க என்றேன். "படமா? செரி, ஒரு நாள் சந்தோஷமா இருக்கட்டு" என்றாள். சினிமா என்று நினைத்திருப்பாள். நான் திருத்தவில்லை.

வியாழன் போய் எங்களுக்கு வெள்ளி விடிந்ததும் அவனே கூப்பிட்டான். போக நாலு மணி நேரம், வர நாலு மணி நேரம் பஸ்ஸில் உட்கார்ந்து வந்த அலுப்புக் குரலில் இல்லை.

"மாமா, அது சின்னப் படமாக்கும். நம்ம சர்ச் காலண்டரக் காட்டியும் கொஞ்சம் பெருசு, அம்புட்டுதான்."

"பறவை?"

"ரெண்டெண்ணம். காலுல கெட்டித் தலைகீழா தொங்க விட்டிருக்கு. பாறசாலைச் சந்தையில கோழியத் தொங்க விடுத மாதிரி."

"எலே, சந்தைக்கோழிய இழுக்காத. நிறத்தச் சொல்லு."

"தவிட்டு நிறம். கழுத்துல மட்டும் பச்சை, இந்த ஈயடிச்ச மாம்பழத்துக்க தோலுல ஒரு மினுக்கம் வரும்லா, அந்தப் பச்சை. நெஞ்சில வெள்ளை. அங்க ஒரு அம்மா நின்னுது, அவியதான் எடுத்துக் காணிச்சது. அந்த வெள்ளை பெயிண்டு இல்லியாம் மாமா. பேப்பராம். சுத்தி வர பெயிண்ட் அடிச்சிட்டு அங்க ஒண்ணும் செய்யாம விட்டிருக்காரு. நான் குனிஞ்சு பாத்தேன். உள்ளதுதான், வெறும் பேப்பரு."

"பின்ன?"

"கீழ ஒரு தடி, அதுல பாசி. பக்கத்துல பழம் கொஞ்சம். பறவைக்க சிறகு ஒண்ணு மட்டும் விரிஞ்சு கிடக்கு. பறக்க மாதிரி இல்ல. கை தளந்து போவும்லா, அது மாதிரி. நல்லா இருந்து மாமா. நான் ஒரு சாதனத்த இம்புட்டு நேரம் உத்துப் பாத்ததே இல்ல. கிடங்குல பெட்டிக்க மேல நம்பர மட்டுந்தான் பாப்பேன்."

அன்றைக்கு ஒரு பக்கம் எழுதினேன். பல வருஷத்துக்குப் பிறகு வந்த பக்கம். அதை வாசித்துப் பார்த்து எனக்கே பிடித்திருந்தது. அவன் வேலை போன நாளும் அதுதான் என்பது ஒரு வாரம் கழித்துத்தான் தெரிந்தது.

ஷிப்ட் மாற்றிக்கொள்கிறேன் என்று வாயால் சொன்ன கூட்டாளி வரவில்லை. மாற்றத்தைக் கம்பெனியின் ஆப்பில் பதிந்திருக்க வேண்டும், இருவரும் பதியவில்லை. முன்பு பனி கொட்டிய ஒரு நாள் இவன் பிந்திப் போனதற்கு ஏற்கெனவே எச்சரிக்கை இருந்தது. வெள்ளிக்கிழமை வாசலில் அட்டையைத் தேய்த்தால் கதவு திறக்கவில்லையாம். அவ்வளவுதான் சங்கதி. திட்டவில்லை, கூப்பிட்டு விசாரிக்கவில்லை, கதவு திறக்கவில்லை.

அவன் அதை அம்மாவிடம் சொன்ன காலையில் நானும் இருந்தேன். அக்கா போனைச் சர்க்கரை டப்பாமேல் சாய்த்து வைத்துவிட்டுத் தேங்காய் துருவிக்கொண்டிருந்தாள்.

"அம்மா, ஜோலி போச்சு."

துருவுகிற சத்தம் நின்றது. "என்னத்துக்கு?"

"ஒரு நாள் போவல்ல."

"ஏன் போவல்ல? தீனமா?"

"இல்ல. மாமாக்க ஒரு காரியமா ஒரு இடம் வரைக்கும் போனேன்."

குற்றம் சொல்கிற குரலே இல்லை. பஸ் பிந்தியது என்று சொல்வதுபோலச் சொன்னான். அக்கா என்னைப் பார்த்தாள். நான் சாயா கிளாஸின் அடியைப் பார்த்தேன். அவள் போனைப் பார்த்துத் திரும்பினாள்.

"மாமன் சொன்னா போவத்தானே வேணும். அதுக்கு ஜோலியில இருந்து எடுப்பினுமா? என்ன ஆளுவளோ." பிறகு, "நீ தின்னியா?" என்று கேட்டாள்.

ஒரு வசவு விழுந்திருந்தால் அதைப் பிடித்துக்கொண்டு எழுந்து போயிருப்பேன். அவள் எனக்காக வாதாடினாள். ஒரு நாட்டையே குற்றவாளிக் கூண்டில் ஏற்றிவிட்டு என்னைச் சாட்சிகளின் பெஞ்சில் உட்கார வைத்தாள்.

அத்தான் ரப்பர் பால்வெட்டு முடித்து வாளியோடு வந்தபோது அக்கா தாழ்ந்த குரலில் விஷயத்தைச் சொன்னாள். சொந்த ரப்பர் போன பிறகு அவர் வெட்டுவது ஊரார் மரம். வாளியை இறக்கி வைத்து, கையைக் கழுவி, துண்டால் துடைத்து, எல்லாம் முடிந்த பிறகுதான் என் பக்கம் திரும்பினார்.

"என்ன படம் அளியா அது?" மனைவியின் தம்பியை எங்கள் ஊரில் அப்படித்தான் கூப்பிடுவார்கள்.

"ரெண்டு பறவை அத்தான். தொங்குது."

"உயிரோடயா?"

"இல்ல."

"ஓ." துண்டை உதறித் தோளில் போட்டார். "இஞ்ச கோழியத் தொங்க விட்டா உச்சைக்குக் கறி உண்டு. சாயிப்பு தொங்க விட்டதுக்கு நூறு வருஷம் கழிஞ்சும் பந்தி தீரல்ல."

அன்றைக்கு அதற்குமேல் அவர் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. மத்தியானம் என் தட்டில் மீன் துண்டு எப்போதும்போல வந்தது. குறைந்திருக்குமோ என்று நான் பார்த்தேன். பார்த்ததற்காக இன்னும் கூசியது.

சில நாள் கழித்து அக்கா வந்து என் அறை வாசலில் நின்றாள். ஈரக் கையை நைட்டியில் துடைத்தாள்.

"எலே, அந்தப் படத்த ஒருக்க காணி."

போனைக் கொடுத்தேன். எவ்வளவு நேரம் பார்த்தாள் என்று தெரியவில்லை. பெரிதாக்கும் வித்தை அவளுக்குத் தெரியும். மகன் அனுப்பும் போட்டோக்களில் அவன் கன்னம் ஒட்டியிருக்கிறதா என்று பார்க்கக் கற்றுக்கொண்டது. அதே விரல்களால் பறவையின் சிறகை விரித்தாள்.

"இதுதானா."

"ஆமாக்கா."

"நல்லாத்தான் இருக்கு." இன்னும் கொஞ்சம் பார்த்தாள். "தூவல் ஓரோண்ணும் தனித்தனியா தெரியுது. நல்லாத்தான் வரைஞ்சிருக்காரு." அவளுக்குப் பிடிக்கவில்லை. பிடிக்க வேண்டும் என்று பாடுபட்டுக்கொண்டிருந்தாள். ஒரு பிள்ளையின் வருங்காலம் போன இடத்தில் அதற்கு ஈடாக ஏதாவது இருக்க வேண்டுமே. அதைத் தேடிக்கொண்டிருந்தாள், திரையின் ஒரு மூலையிலிருந்து மறு மூலைக்கு.

"வரைஞ்சு தீருத வரைக்கும் இது கெட்டுப் போவாதா?"

"குளிர் நாடுல்லாக்கா. கொஞ்சம் தாங்கும்."

"ஓ, குளிரு." போனைத் திருப்பித் தந்தாள். "இவனுக்கு அங்க குளிரு தொடங்கியாச்சு. ஹீட்டருக்குத் தனியா துட்டு வாங்குதினுமாம்." போகும்போது, "எனக்க போனுக்கு அத அனுப்பு" என்றாள்.

அனுப்பினேன். ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து, பெண்கள் ஐக்கியத்துக்காரிகள் மாமரத்தடியில் கூடி நின்றபோது அக்கா போனை எடுத்து நீட்டுவதைக் கண்டேன். பைக்கின் பக்கம் நின்றிருந்த எனக்குக் குரல் நன்றாகக் கேட்டது.

"எனக்க மவன் நேருல போய்ப் பாத்த படம். பெட்டிக்குள்ள பூட்டி வச்சிருக்கும். எல்லாரையும் காணிக்க மாட்டினும்."

"இது கொக்கா?" என்றாள் ஒருத்தி.

"காட்டு வாத்தாக்கும்."

"செத்துக் கிடக்கே."

"அப்பிடித்தான் வரைவினும். அது ஒரு முறையாக்கும்," என்றாள் அக்கா, எங்கிருந்தோ தைரியம் எடுத்து. வேலை போனதைச் சொல்லவில்லை. காரக்கோணத்தில் நர்சாக இருக்கும் இன்னொருத்தி, "அப்பம் பையனுக்கு அங்க நல்ல பிடிபாடு உண்டுண்ணு சொல்லு" என்றதற்கு, "தேவகிருபை" என்றாள். நான் பைக்கை உதைத்தேன். கிளம்பவில்லை. மறுபடியும் உதைத்தேன்.

அந்தக் கம்பெனிக்கு நான் எழுதிக் கேட்க வேண்டும் என்றும் அவள்தான் சொன்னாள். "உனக்கு இங்கிலீஷ் வருமே. தப்பு எனக்கதாக்கும், பயலுக்க மேல ஒண்ணும் இல்லண்ணு எழுது." உட்கார்ந்தேன். காட்சிக்கூடத்துக்கு எழுதியபோது துள்ளி வந்த ஆங்கிலம் இப்போது வாயிலில் நின்று செருப்பைக் கழற்றிக்கொண்டே இருந்தது. நான் இவனுடைய தாய்மாமன், நான் சொன்னதால் போனான் என்று ஒரு வரி வந்தது. வந்த வரியைப் பார்த்தேன். ஆங்கிலத்தில் அது ஒரு காரணமாகவே தெரியவில்லை. யாரோ ஒரு உறவினர், எதையோ சொன்னார். அனுப்புமுன் அவனிடம் வாசித்துக் காட்டினேன்.

"வேண்டாம் மாமா. மாமன் சொன்னாருண்ணு சொன்னா இங்க ஆருக்கும் மனசிலாவாது. பின்னயும் நாணக்கேடு."

"பின்ன நான் என்ன செய்யட்டு மக்கா?"

"ஒண்ணும் செய்யாண்டாம். நான் வேற பாக்குதேன்."

வேறு பார்த்தான். தக்காளி விளைவிக்கிற கண்ணாடிக் கூடாரங்களில் கொஞ்ச நாள், ஒரு பேக்கரியில் கொஞ்ச நாள். மனுவுக்கு வேண்டிய வகை வேலை அவையெல்லாம் இல்லை. கிறிஸ்துமஸ் நட்சத்திரம் கட்டும் நாளில் அத்தான் ஏணியில் நின்றுகொண்டு, "அவனுக்க பெர்மிட் என்னைக்கு தீரும்?" என்று கேட்டார். அக்கா நாளைச் சொன்னாள். நட்சத்திரம் கொஞ்சம் சாய்ந்திருந்தது, யாரும் சொல்லவில்லை.

அந்த மாதங்களில் நான் சாயிப்பைக் குற்றவாளியாக்கப் பார்த்தேன். இது நோய்தான், ஒத்துக்கொள்கிறேன். குற்றம் தனியே நடக்க அஞ்சும், கூட்டுத் தேடும். இந்த மனிதர் சன்னலோரம் உட்கார்ந்து சிறகின் சாம்பல் நிறத்தைக் குழைத்துக்கொண்டிருந்தபோது மாட்டை யார் கறந்தார்கள்? வைக்கோல் மழையில் நனைந்தபோது யார் ஓடினார்கள்? பெண்டாட்டி வாசலில் வந்து நின்று, இந்தப் பறவையை இன்றைக்காவது தருவீர்களா, பிள்ளைகளுக்கு ஆக்க வேண்டும் என்று கேட்டிருப்பாளா? பூ வாடுமுன் வரைய வேண்டும், விளைச்சல் கெடுமுன் அறுக்க வேண்டும். இரண்டும் ஒரே வெயிலில் காத்து நின்றபோது எதன் பக்கம் போனார்? கிடைத்ததையெல்லாம் வாசித்தேன். ஒன்றும் அகப்படவில்லை. படங்களைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தேன். ஒரு இடத்திலும் கை நடுங்கியிருக்கவில்லை. மனிதர் சந்தோஷமாக வரைந்திருக்கிறார். அந்தச் சந்தோஷத்துக்கு யார் என்ன கொடுத்தார்கள் என்பது தாளில் இல்லை. எனக்குக் கூட்டாளி கிடைக்கவில்லை.

அப்போதுதான் கட்டுரையைக் கைவிட்டேன். அந்த ஒரு பக்கத்தையும் கிழித்தேன். பத்திரிகைக்காரரிடம் முடியாது என்று சொல்லிவிட்டேன். சொன்ன அன்று உடம்பு லேசாக இருந்தது, உபவாசம் இருந்தவன்போல. அவன் வேலையை இழந்தான், நான் என் எழுத்தை இழந்தேன். தட்டு சமமாகிவிட்டது என்று ஒரு நினைப்பு. யாருக்கும் தெரியாமல் என்னை நானே மன்னித்துக்கொண்டிருந்தேன்.

பிப்ரவரியில் அவன் டிக்கெட் போட்டான். அக்கா அவன் அறையைக் கழுவிவிட்டாள், பாயை வெயிலில் போட்டாள். "எலே, நீ போய்க் கூட்டிட்டு வா" என்றாள் என்னிடம். "அவனுக்க அப்பன் போனா ரெண்டுபேரும் வாயத் திறக்காம வருவினும். உன்னக் கண்டா அவன் பேசுவான்."

காலை விமானம். இரண்டு பெட்டியைத் தள்ளிக்கொண்டு வெளியே வந்தவன் மெலிந்திருந்தான், தாடி வைத்திருந்தான். இங்கத்து வெயிலுக்குக் கண் கூசியது. "ஜாக்கெட்ட கழத்து மக்கா" என்றேன். முதல் வார்த்தை அதுதான் எனக்குக் கிடைத்தது. கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு வாடகைக் காரில் ஏறினான். பாலராமபுரம் நெருக்கடியில் வண்டி நின்றது.

"மாமா, அந்தக் கட்டுரை வந்துதா?"

"எழுதல்ல மக்கா."

"இனியும் எழுதல்லியா?"

"எழுத வேண்டாம்னு வச்சேன். உனக்க ஜோலி போன பின்ன எனக்கு மனசு வரல்ல."

அவன் கண்ணாடி வழியே வெளியே பார்த்தான். ஒரு கடைக்காரர் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தார். பின்னாலிருந்த பஸ் ஹாரனை விடாமல் அடித்தது. அவன் முகம் எனக்குத் தெரியவில்லை.

"அப்பம் நான் என்னத்துக்குப் போனேன்?"

கோபமில்லாமல் கேட்டான். பதில் தெரிந்தாக வேண்டும் என்று கேட்டான்.

"நான் உனக்காகத்தான்..."

"எனக்காக இல்ல மாமா." மெதுவாகத்தான் சொன்னான். "அங்க கிடந்த காலமெல்லாம் எல்லாரும் கேட்டது எம்புட்டு சம்பளம், எப்பம் பி.ஆர்., அதுதான். அம்மையும் அதுதான். நீ என்ன கண்டாண்ணு கேட்டது நீங்க ஒருத்தருதான். ஜோலி போன அண்ணைக்கும் நான் ரூமுக்கு வந்து நெனச்சேன், போட்டு, மாமன் எழுதுவாருல்லாண்ணு. ஒரு காரியத்துக்குத்தானே போனோம்ணு. அதையும் நீங்க களஞ்சிட்டிய."

டிரைவர் கண்ணாடியில் எங்களைப் பார்த்துவிட்டு, "சேட்டா, ஏசி கூட்டணோ?" என்று மலையாளத்தில் கேட்டார். வேண்டாம் என்று இருவரும் ஒரே நேரத்தில் சொன்னோம்.

நெய்யாற்றின்கரை பாலம் தாண்டினோம். நான் செய்த பாதகத்திலேயே பெரியது வியாழக்கிழமையைக் குறித்தது என்று இத்தனை மாதமாக நினைத்திருந்தேன். அது அறியாமல் செய்தது. அறிந்தே, சாவகாசமாக, புண்ணியம் என்று எண்ணிச் செய்தது இரண்டாவது, அந்த எழுத்தைக் கைவிட்டது.

"எனக்கு எல்லாம் மறந்து போச்சு மக்கா. நீ பின்னயும் சொல்லணும்."

"நெசமாட்டா?"

"எழுதினதையும் கிழிச்சிட்டேன்."

அவன் முதல்முறையாக என்னை நேரே பார்த்தான். "கொள்ளாம் மாமா," என்றான். எங்கள் பக்கம் அந்தச் சொல்லுக்கு நன்றாயிருக்கிறது என்றும் அர்த்தம் உண்டு, இதுவும் போதாதா என்றும் உண்டு. இரண்டாவதுதான் எனக்கு உரியது.

வீட்டில் அக்கா அவன் முகத்தைத் தடவித் தடவிப் பார்த்தாள், அழவில்லை. அத்தான் பெட்டியை இறக்கி வைத்துவிட்டு, "நாளைக்கு வெட்டுக்கு வாறியா? அல்லாட்டி மாமன் வேற எங்கயும் புக் பண்ணியிருக்காரா?" என்றார். பையன் சிரித்துவிட்டான். நானும் சிரிக்க வேண்டியிருந்தது. அத்தான் சிரிக்கவில்லை.

இப்போது விடியற்காலையில் அவன் அப்பனோடு ரப்பருக்குப் போகிறான். பெருங்கடவிளையில் ஒரு ஒர்க்ஷாப்பில் மத்தியானத்துக்குப் பிறகு வேலை. நடுவில் கிடைக்கிற நேரத்தில் என் அறைக்கு வந்து கட்டிலில் சரிந்து படம் சொல்கிறான். முன்பு சொன்ன பச்சை இப்போது இல்லை, கழுத்து நீலமாம். பாசி இருந்த தடி பற்றிச் சந்தேகம் வந்துவிட்டது. வெறுமனே விட்ட அந்த நெஞ்சுப் பக்கத்து வெள்ளையைப் பற்றி மட்டும் சந்தேகம் இல்லை. என் போனில் படம் இருக்கிறது, ஒப்பிட்டுப் பார்க்கலாம். பார்க்கவில்லை. அவன் சொல்வதை எழுதுகிறேன். சில நாள் சொல்லிக்கொண்டே தூங்கிப்போகிறான். கையில் ரப்பர் பால் காய்ந்து உரிந்துகொண்டிருக்கும்.

அக்கா ஒருநாள் சோறு கொண்டு வைத்துவிட்டு, நான் எழுதுவதை எட்டிப் பார்த்தாள்.

"அதுல இவனுக்க பேரு வருமா?"

வரும் என்று சொல்ல வாயெடுத்தேன். கட்டிலில் கிடந்தவன் கண்ணைத் திறக்காமலே சொன்னான்: "பேரு போடாண்டாம் மாமா. நான் இனியும் விசா கேக்க வேண்டியவன். ஜோலியில இருந்து எடுத்த கதையெல்லாம் பேரோட கிடந்தா, நாளைக்கு எவனாவது தேடி எடுப்பான்."

"அப்பம் அவன்தான் போய்க் கண்டதுண்ணு ஆருக்கு அறியாம்?" என்றாள் அக்கா. என்னைப் பார்த்துத்தான் கேட்டாள்.

சோறு ஆறுகிறது என்று சொல்லிவிட்டுப் போனாள். நான் எழுதியிருந்ததை மேலிருந்து வாசித்து, சாயிப்பின் சொந்தப் பெயர் வந்த இடங்களையெல்லாம் ஒவ்வொன்றாக அடித்தேன். பார்க்கப் போனவன் பெயர் இல்லாத தாளில் வரைந்தவர் பெயர் மட்டும் என்னத்துக்கு. அடித்து முடித்தபோது அவன் நன்றாகத் தூங்கியிருந்தான். ஒர்க்ஷாப்புக்கு நேரமாகிவிட்டது. எழுப்ப வேண்டும்.